கை அசைந்தால் ஓடும்

மதியத் தூக்கத்திலிருந்து கிறிஸ்துராஜ் விழித்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அது இந்நேரம் நின்றுபோயிருக்க வேண்டும். மேலே மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது; தெருமுனைக் கடையில் தம் பிரித்த பிரியாணியின் வாசனையும், காற்று திரும்பும்போதெல்லாம் தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து வரும் சுண்ணாம்பு கலந்த வீச்சமும் ஜன்னல் வழியே மாறி மாறி வந்தன; அவை எல்லாவற்றுக்கும் அடியில், பூச்சி ஒன்று இலையைக் கடிப்பதுபோல் மிக மெல்லிய ஓசை. தலையை இடப்பக்கம் திருப்பினான். பள்ளிக்குக் கிளம்புமுன் மனைவி ஜோஸ்பின் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே, தலையணைமேல், உள்ளங்கை மேலே பார்க்க அந்த இடது கை கிடந்தது. விரல்கள் சுருண்டு போகாமலிருக்க அவள் உருட்டி வைத்த துண்டு அப்படியே இருந்தது. எதுவும் அசையவில்லை. மணிக்கட்டின் பக்கவாட்டில் சரிந்திருந்த கடிகாரத்தில் நொடிமுள் மட்டும் வழுக்கிக்கொண்டே போனது.

பக்கவாதம் வருவதற்கு முன்பிருந்தே அவனுக்கு ஒரு பழைய சுவிஸ் கடிகாரத்தின்மேல் ஆசை. பீரோவில் பூட்டிவைத்து ஞாயிறு பூசைக்கு மட்டும் கட்டுவதற்கல்ல. கல்லூரி அலுவலகத்துக்கு, டவுன் பஸ்ஸுக்கு, காய்கறி மார்க்கெட்டுக்கு, தினமும் கட்ட. புதியதை அவன் சம்பளத்தில் நினைத்தும் பார்க்க முடியாது. ஐம்பது வருடம் பழையதென்றால் எட்டிப் பிடித்துவிடலாம். போனில் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான், வாங்க மாட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, இடது கையும் இடது காலும் யாரோ கட்டிலில் மறந்துவிட்டுப் போன சாமான்போலக் கிடந்த நாட்களில், ஜோஸ்பின்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடிகாரக் கடை வைத்திருக்கும் அப்பாஸுக்குப் போன் செய்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. ஒருவருக்கு ஒருவர் செய்துகொள்ள அவர்கள் இருவர்தான்.

அப்பாஸ் மூன்று கடிகாரங்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து கட்டில் விரிப்பில் பரப்பினான்.

"இந்தத் தங்க முலாமத் தொடாதீங்க சார். தினமும் கட்டுனா வேர்வைக்குச் செம்பு பல்லிளிச்சிரும். இது சாவி குடுக்கறது. காலைல எந்திரிச்சதும் முறுக்கணும், அதுக்கு ரெண்டு கை..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கிறிஸ்துராஜ் மூன்றாவதை எடுத்தான். எஃகு உடல், சிறிய முகம், பாலாடை நிறத்துக்குப் பழுத்த டயல். அப்பாஸ் நீட்டிய லென்ஸை வலது கண்ணில் பிடித்துக்கொண்டு எழுத்துகளின் விளிம்பை நெடுநேரம் பார்த்தான். மறுபடி பெயின்ட் அடித்த டயலில் எழுத்துகள் தடித்துத் தெரியும். இதில் தெரியவில்லை.

"நல்லாப் பாருங்க. தலைக்கு டை அடிக்காத கிழவி சார் அது," என்றான் அப்பாஸ்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவரு இம்புட்டு நேரம் பாக்கலப்பா," என்றாள் ஜோஸ்பின்.

மூவரும் சிரித்தார்கள். கிறிஸ்துராஜின் சிரிப்பு வாயின் வலது பாதியோடு நின்றுகொண்டது.

"இது ஆட்டோமேட்டிக் டீச்சர். சாவியும் வேணாம், பேட்டரியும் வேணாம். உள்ள அரைவட்டமா ஒரு தகடு இருக்கு. கை அசைஞ்சா அது சுத்தும், அது சுத்துனா வாட்ச் ஓடும். கழட்டி வச்சா ஒண்ணரை நாள்ல நின்னுரும். சாருக்கு வலது கையில கட்டிவிடுங்க."

ஜோஸ்பின் யோசித்தாள். "இல்லப்பா. இடது கையிலயே கட்டு."

"டீச்சர், அந்தக் கை..."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன். என்னைக்கு லேசா அசையுதோ, அன்னைக்கு இது எனக்குச் சொல்லும்ல?"

அப்பாஸ் கிறிஸ்துராஜைப் பார்த்தான். கிறிஸ்துராஜ் தலையசைத்தான். செத்த கையில் செத்த கடிகாரம் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தான்.

அது மூன்று நாளைக்கு முன்பு. இன்னும் நிற்கவில்லை.

சாயங்காலம் ஜோஸ்பின் வந்து, விரல்களில் சாக்பீஸ் தூள்கூடப் போகாமல், குனிந்து கடிகாரத்தில் காதை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"என்னங்க, ஓடுதுங்க!"

"நான் அசைக்கல." நாக்கு ஈரத்துணிபோலக் கனத்தது.

"அசையாம எப்படி ஓடும்? தூக்கத்துல அசைச்சிருப்பீங்க."

"ஜோஸ்பின். அது என் கை இல்ல."

அவள் புன்னகை செய்து அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூளையின் வலப்பக்கம் அடைப்பு வந்தவர்கள் சிலர் தங்கள் இடது கையைத் தங்களுடையதில்லை என்பார்கள். வாதாட வேண்டாம், சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள் என்று. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் அவனும் அப்படிச் சொன்னவன்தான். அப்போது அது நோய். இப்போது அவன் சொல்ல வந்தது வேறு. ஆனால் இரண்டையும் சொல்ல அவனிடம் இருந்தவை அதே சொற்கள்.

அதன்பிறகு அவன் சரியாகத் தூங்கவில்லை. இருட்டில், ரயில் ஜங்ஷனில் எஞ்சின்கள் நீளமாக மூச்சு விடுவதையும், தெருநாய் நகம் உரச சிமென்ட் தரையில் நடந்து போவதையும், கட்டிலின் இடப்பக்கம் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஜோஸ்பினின் சீரான மூச்சையும் கேட்டுக்கொண்டு கிடப்பான். அந்த ஓசைகள் எல்லாம் ஒருகணம் ஓய்கிற இடைவெளிக்காகவே காத்திருந்ததுபோல, கடிகாரத்துக்குள் தகடு சுழலும். சர்ர். ஒரு சுற்று. தலையைத் திருப்பினால் கை கிடந்த இடத்தில் கிடக்கும். மறுபடி கூரையைப் பார்த்தால், சர்ர்.

அந்தக் கையில் அவனுக்கு எந்த உணர்வும் இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தோ, இப்போது காதால் கேட்டோதான் அறிய முடியும்.

ஒருநாள் காலை விழித்தபோது உருட்டி வைத்த துண்டு நாலாக மடிக்கப்பட்டு, ஓரம் ஓரத்தோடு பொருந்த, அவன் மார்பின்மேல் இருந்தது. இன்னொரு நாள் காலை அந்தக் கையின் நகங்களுக்குள் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. கட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரில் சுண்ணாம்பு சுரண்டப்பட்டு நான்கு கோடுகள் தரைப்பக்கமாக இறங்கியிருந்தன. பாயை நோக்கி.

அதற்கடுத்த நாள் ஜோஸ்பின் தலை துவட்டிக்கொண்டே வந்து ஜாக்கெட் கையை மேலேற்றிக் காட்டினாள். மேல்கையில் கன்றிய நீலத்தில் நான்கு விரல்தடங்கள். பின்பக்கம் கட்டைவிரல்.

"ராத்திரி என்னையப் பிடிச்சிருக்கீங்க," என்றாள். வெட்கப்பட்டதுபோல இருந்தது. "எம்புட்டுப் பலம் வந்திருச்சு பாருங்க."

அவன் அந்தக் கையையும் கீழே கிடந்த பாயையும் பார்த்தான்.

"நீ அடுப்படியில படு. கதவச் சாத்திக்க."

"எதுக்கு?"

"இந்தக் கையக் கட்டில்ல கட்டிப் போடு. கயிறு போட்டு. தினமும்."

"கட்டிப் போட நீங்க என்ன மாடா? இம்புட்டு நாள் வேண்டிக் கேட்டது இப்பத்தான் வருது. அதைப் போயி கட்டுவாங்களா?" மாதா படத்தின் முன்னால் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். அன்று இரவு பாயைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். எட்டுகிற தூரத்தில்.

அவளை அங்கே பிடித்து வைத்திருப்பது கடிகாரம்தான் என்று அவனுக்குப் புரிந்தது. அது நின்றுவிட்டால் அவள் நம்பிக்கையும் நின்றுவிடும். நம்பிக்கை இல்லாத ஜோஸ்பின் உயிரோடு இருப்பாள்.

வாய்ப்பு வார இறுதியில் வந்தது. செம்பட்டியில் அவள் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை; கோயிலில் முதன்முறை நற்கருணை வாங்குகிற நாள். பக்கத்து வீட்டு மரியசெல்வத்திடம் சாவியைக் கொடுத்து, சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினாள். அவள் செருப்புச் சத்தம் தெருவில் மறைந்ததும் கிறிஸ்துராஜ் வலது கையாலும் பல்லாலும் வாரைப் பிடுங்கிக் கொக்கியைக் கழற்றினான். இடது கை சாதுவாகக் கிடந்தது. அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

கடிகாரத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

மறுநாள் காலை இட்லியோடு வந்த மரியசெல்வம் அதைப் பார்த்துவிட்டார். "என்ன அப்பு, வாட்சக் கழட்டி வச்சுட்ட? இனி நேரங்காலமே வேணாம்னு சாமியாராப் போறியா?"

"அண்ணே. ராத்திரி இங்க படுக்கிறீங்களா?"

"என் குறட்டைக்கு உன் நல்ல காதும் போயிரும்டா," என்று சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார். கிறிஸ்துராஜ் மறுபடி கேட்கவில்லை. அவரும் அந்தக் கை எட்டும் தூரத்தில் படுக்க வேண்டியிருக்குமே என்று தோன்றியது.

அந்த இரவுதான் அவன் தன் தவறை உணர்ந்தான். கையில் கடிகாரம் இல்லாததால் எந்த ஓசையும் இல்லை. கை அசைகிறதா, இல்லையா? எழுந்து எங்காவது நிற்கிறதா? அவன் கண்ணுக்கு முன்னாலேயே இருட்டில் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறதா? தெரியாது. இத்தனை நாள் அதன் காலடிச் சத்தத்தையாவது கேட்டுக்கொண்டிருந்தான். விடிந்தபோது அவனுடைய வலது மணிக்கட்டில், நல்ல மணிக்கட்டில், நான்கு நீலத் தடங்கள் இருந்தன.

ஆனால் கடிகாரம் நின்றிருந்தது.

ஞாயிறு சாயங்காலம், அவள் வருவதற்குச் சற்று நேரம் முன்பு, உள்ளே தகடு அசைந்துவிடாதபடி மெதுவாக, பல்லால் வாரை இழுத்து அதை மறுபடி இடது கையில் மாட்டினான். குழாய்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்தது. ஜோஸ்பின் தலையில் விசேஷ வீட்டு மல்லிகை வாடித் தொங்கியது. லட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நேராகக் கட்டிலுக்கு வந்து குனிந்தாள்.

காதை வைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"நின்னுருச்சு," என்றான் கிறிஸ்துராஜ்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெதுவாக வடிந்து போவதை, அதை வடியவிட்டவனாக, அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர்மாரு நடத்துற ஹோம்ல என்னைய விட்டுரு. நீ அண்ணன் வீட்டுக்குப் போயிரு."

எப்போதும் இதற்குக் கோபப்படுகிறவள், இன்று கோபப்படவில்லை. மாதா படத்தைப் பார்த்தாள். பிறகு, "நாளைக்குப் போன் பண்ணிக் கேக்குறேன்," என்றாள்.

போதும். அவள் பிழைத்தாள். அவன் கண்களை மூடிக்கொண்டான். வலது கண்ணோரம் ஈரம் இறங்கியது.

சர்ர்.

கண்ணைத் திறந்தான்.

கை எழுந்திருந்தது. முழங்கையை ஊன்றி, நேராக. வெளிச்சத்தில். துண்டு கீழே விழுந்து கிடந்தது. மணிக்கட்டு ஒருமுறை சுழன்றது. தூங்கி எழுந்தவர் சோம்பல் முறிப்பதுபோல, அவசரமில்லாமல். மறுமுறை. சர்ர். சர்ர். நொடிமுள் துடித்தது. நகர்ந்தது.

ஜோஸ்பின் திரும்பிப் பார்த்தாள்.

"மாதாவே."

முட்டி போட்டபடியே கட்டிலருகே வந்தாள். சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக.

"போ," என்றான் கிறிஸ்துராஜ். "போயிரு. நான் இல்ல. ஜோஸ்பின், அது நான் இல்ல."

"சரிங்க. நீங்க இல்ல. சரி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரா இருந்தா என்னங்க. அசையுதுல்ல."

கை அவள் தலைமேல் இறங்கியது. கூந்தலை வருடியது. வாடிய மல்லிகை ஒன்றை இரு விரல்களால் பிரித்தெடுத்துக் கீழே போட்டது. அவள் கண்களை மூடினாள்.

"ஒருநாளும் இப்படித் தடவி விட்டதில்லையே நீங்க," என்றாள்.

அவன் வலது கையைக் குறுக்கே வீசினான். இடது கை அதைப் பிடித்தது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து குழந்தையின் கையை விலக்குவதுபோல, மெதுவாக விலக்கி வைத்தது. திரும்பிப் போனது. காது. தாடை. கழுத்து.

அங்கே நின்றது.

அவன் கத்தினான். வாயிலிருந்து ஈரமான ஓசை மட்டும் வந்தது. ஜோஸ்பின் தலையின் முழுப் பாரத்தையும் அந்த உள்ளங்கையில் சாய்த்தாள்.

அப்போது அவனுக்கு உணர்வு வந்தது. மாதக்கணக்கில் எதுவுமே உணராத அந்தக் கையில். முதலில் ஒரு வெதுவெதுப்பு. பிறகு வியர்வையின் பிசுபிசுப்பு, தாலிச் சங்கிலியின் மெல்லிய குளிர், மென்மையான தோல். இதுவரை எந்தக் கையாலும் அவன் எதையும் இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை. கட்டைவிரலுக்கு அடியில் அவள் நாடி, சிறியதாக, வேகமாக.

அவள் இன்னும் புன்னகை செய்துகொண்டிருந்தாள். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கழுத்தில் தத்தம் இடத்தைத் தேடி அமர்ந்தன. ஒவ்வொன்றும் அமர்வது அவனுக்குத் தெரிந்தது.