வைப்பரில் சுற்றிய துணி

மாலை ஆறு நாற்பது. வானத்தில் மேகமே இல்லை. அவிநாசிபாளையம் தாண்டி, புளியமரத்து நிறுத்தத்தை நெருங்கும்போது பனியன் கம்பெனி வேனின் வைப்பர் தானாக எழுந்தது. காய்ந்த கண்ணாடியைக் கீறிக்கொண்டு பாதிவரை வந்து செங்குத்தாக நின்றது.

தவசி சுவிட்சைப் பார்த்தான். ஆஃபில் இருந்தது.

ஐந்தாவது நாளாக இப்படி. அதே நேரம். அதே இடம்.

நிறுத்தத்தில் ராக்கம்மாள் காத்திருந்தாள். சாப்பாட்டுப் பையுடன் ஏறினாள். முதல் நிறுத்தம் என்பதால் வேனில் வேறு யாருமில்லை. அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"அந்த லாரிக்காரனப் பத்தி ஏதும் சொன்னாங்களா தம்பி?"

"இல்லக்கா. ஸ்டேஷன்ல தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

அவன் ஸ்டேஷன் பக்கமே போனதில்லை.

அவளுடைய மகள் ஜோதிகா அதே கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் வேலை பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன், மழையில், இதே நிறுத்தத்தில் அடிபட்டுச் செத்தாள். அடித்த வண்டி நிற்கவில்லை. லாரியாகத்தான் இருக்கும் என்று முதலில் சொன்னது தவசி. பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். காரியம் முடிந்த மறுநாள், மகள் பார்த்த நைட் ஷிஃப்ட் வேலையைக் கம்பெனி தாய்க்குக் கொடுத்தது. அதற்காக நோட்டீஸ் போர்டில் முதலாளிக்கு நன்றி எழுதியிருந்தார்கள்.

மறுநாள் மதியம் வேனை ஈஸ்வரமூர்த்தியின் ஒர்க்‌ஷாப்பில் விட்டான். ஈஸ்வரமூர்த்தி ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார். மோட்டாரை வெளியே எடுத்து நேராக பேட்டரியில் கொடுத்தார். சத்தமில்லாமல் சுற்றியது.

"மோட்டார் மேல தப்பில்லீங்க. பாதியில நிக்குதுன்னா உள்ள கம்பியில என்னமோ சிக்கியிருக்கோணும்." பிளேடைத் தடவினார். "ரப்பர் புதுசாட்ட இருக்குது?"

"மூணு வாரம் ஆச்சுண்ணே மாத்தி."

"அதுக்கு முன்னாடி?"

"துணி சுத்தி ஓட்டுனேன்."

ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். "இந்த ஊர்ல பாதி வண்டி அப்பிடித்தானுங்க ஓடுது. ரப்பர் போச்சுன்னா பனியன் வேஸ்ட்டு. தூறலுக்குத் தாங்கும். ஊறிப்போச்சுன்னா அது தொடைக்காதுங்க, மெழுகும். எதுக்கால ஆனையே வந்தாலும் தெரியாது."

தவசி சிரிக்கவில்லை.

ரப்பர் கிழிந்ததும் அவன் சூப்பர்வைசர் பூபாலனிடம் கேட்டிருந்தான். "ஏனுங்க தவசி, திருப்பூர்ல உக்காந்துட்டுத் தொடைக்கத் துணியில்லைங்கறீங்களா? கட்டிங்ல மூட்ட மூட்டையாக் கெடக்குதே" என்றார் பூபாலன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தைகள் டீசர்ட் ஆர்டரில் மிஞ்சிய மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்துச் சுற்றினான். அதில் பாதி வாத்துப் படம் இருந்தது.

மழைக்காலத்தில் வேன் நின்றதும் ஜோதிகா உடனே ஏறமாட்டாள். கையில் வைத்திருக்கும் வேஸ்ட் துணியால் முன்கண்ணாடியை வெளியிலிருந்தே துடைப்பாள். அவள் தலையின் தேங்காய் எண்ணெய் வாசம் ஜன்னல் வழியே உள்ளே வரும். விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். "இப்பத் தெரியுதாண்ணே?"

அன்றும் துடைக்கத்தான் முன்னால் வந்திருக்க வேண்டும்.

கண்ணாடி முழுக்க வெளிச்சம் மெழுகியிருந்தது. சத்தம்தான் முதலில் கேட்டது. இறங்கினான். மழையில் அவள் கை மட்டும் மூடித் திறந்துகொண்டிருந்தது. ரோட்டில் யாருமில்லை. அவன் வேனில் ஏறினான். அந்தக் கை எத்தனை தடவை திறந்தது என்பது அவனுக்குத் தெரியும். போகும் வழியில் வைப்பரில் இருந்த துணியை அவிழ்த்து நொய்யல் பாலத்திலிருந்து எறிந்தான். மறுநாள் காலை, சொந்தக் காசில் புது ரப்பர் வாங்கினான்.

"கெடைச்சுப் போச்சு," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

கண்ணாடிக்கு அடியிலிருந்த கறுப்பு மூடியைக் கழற்றி, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. மஞ்சள் துணி. பாதி வாத்து. பிழிந்தார். தண்ணீர் கொட்டியது.

"மூணு வாரமா மழையே இல்லீங்களே," என்றார். முகர்ந்து பார்த்தார். "தேங்கா எண்ணெ வாசம் வருது."

தவசி இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"ஏனுங்க, மூஞ்சி இப்பிடி வேர்க்குது?"

"வெக்கைண்ணே."

அவர் துணியைக் குப்பை டின்னில் போட்டு, கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்தார். கம்பி தேய்ந்துவிட்டது, புதியது நாளைக்குத்தான் வரும் என்றார். வைப்பர் இரண்டையும் கழற்றிப் பின் இருக்கையில் போட்டார். மோட்டார் அவர் மேஜையிலேயே இருந்தது.

"இனி ஆட்டறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. வானம் பளிச்சுனு இருக்குது. தைரியமாப் போங்க."

ஆறேகாலுக்கு வானம் இருண்டது. முதலில் புழுதியும் ஈரமண்ணும் கலந்த வாசம் வந்தது. பிறகு கூரையில் ஒன்றிரண்டு துளிகள் விழுந்து, எண்ணுவதற்குள் எண்ணமுடியாமல் ஆகி, தாராபுரம் ரோடும் ஓரத்து மரங்களும் எதிரே வந்த பஸ்ஸின் விளக்கும் ஒரே வெளிச்சக் குழம்பாகக் கண்ணாடியில் வழிய, அவன் பக்கவாட்டு ஜன்னலில் தலையை நீட்டி, கண்ணில் தண்ணீர் அடிக்க, முதல் கியரில் ஊர்ந்தான். திரும்பிப் போய்விடலாம். ஆனால் அந்தம்மா ரோட்டோரம் நிற்பாள். பின்னால் வருகிற எவன் கண்ணுக்கும் அவள் தெரியமாட்டாள்.

இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தான். வேனில் ஏறியதும். வேறு யாரும் ஏறுவதற்கு முன்.

முன்பும் அப்படி நினைத்திருக்கிறான்.

புளியமரம் நிழலாகத் தெரிந்தது. பிரேக்கை மிதித்தான். வேன் நின்றது. ஹேண்ட்பிரேக் போட்டான். எஞ்சினை அணைத்தான். யார் மேலும் மோதவில்லை. மூச்சு விட்டான்.

மணி ஆறு நாற்பது.

தேங்காய் எண்ணெய் வாசம்.

பின் இருக்கையில் கழற்றிப் போட்ட வைப்பர்கள் ஒன்றோடொன்று உரசின. அவன் திரும்பவில்லை.

முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஏதோ எழுந்தது. மஞ்சள். ஈரம். இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. அது போன வழியில் கண்ணாடி தெளிந்தது.

ராக்கம்மாள்தான் என்று நினைத்தான். மகள் செய்ததைத் தாயும் செய்கிறாள்.

தெளிந்த இடம் வழியாகப் பார்த்தான். பத்தடி தள்ளி, மரத்தடியில் ராக்கம்மாள் நின்றிருந்தாள். ஒரு கையில் குடை. ஒரு கையில் பை.

துணி திரும்பி வந்தது. வலமிருந்து இடமாக. துணியைப் பிடித்த விரல்கள் தெரிந்தன. மூடின. திறந்தன. மூடின.

கண்ணாடியில் இரண்டு தட்டு.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

இடதுபக்கக் கதவு திறந்தது. மழையின் சத்தம் உள்ளே வந்தது. ராக்கம்மாள் படியில் ஒரு காலை வைத்தவள் ஏறவில்லை. குடை அவள் கையிலிருந்து விழுந்து உருள்வது கேட்டது. அவன் கண்ணைத் திறந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தம்பி, கண்ணாடியத் தொடைக்கிறது யாருய்யா?"