துப்பாக்கிக்கு ஒன்று, கைக்கு ஒன்று

"இருக்கறதுலயே வெளிச்சம் ஜாஸ்தி இதுதானுங்க. விலையும் கம்மி," என்று கடைக்காரர் டார்ச்சைக் கூரைக்கு அடித்துக் காட்டினார்.

வனத்துறை விலங்கு மருத்துவர் பொற்கொடி அதை வாங்கி உள்ளங்கையில் ஓங்கித் தட்டினாள். வெளிச்சம் நடுங்கி அணைந்தது. மறுபடி அழுத்தினால் கல்யாண வீட்டு சீரியல் பல்பு போல மினுக்கியது.

"கரடி முன்னாடி இதை வச்சு நான் டான்ஸா ஆடறது? ஒரே அழுத்துல முழுசா எரியணும். தட்டினாலும் அணையக் கூடாது. அப்படி எதாவது இருக்கா?"

அவளுடைய அண்ணன் குமரவேல் வவ்வால் ஆராய்ச்சிக்காக மலைக்குகைக்குள் போய் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிட்டன. குகை வாசலில் புதிய கரடித் தடங்கள். அலுவலகத்து டார்ச்சோ எப்போதோ கண்ணை மூடிவிட்டது. அதனால்தான் இந்த அடிவாரக் கடை.

கடைசியில் தட்டியும் அணையாத ஒரு குட்டைக் கறுப்பு டார்ச் கிடைத்தது. அதை மயக்க ஊசித் துப்பாக்கியில் பொருத்த எடுத்துக்கொண்டாள். கையில் பிடிக்க, அகலமாக வெளிச்சம் பரப்பும் பிளாஸ்டிக் டார்ச் இன்னொன்று.

"ஏனுங்க மேடம், ஒண்ணு பத்தாதுங்களா?" என்றார் வனக்காவலர் ஜெபராஜ்.

"பத்தாது. துப்பாக்கி டார்ச்சை வச்சு ஆளைத் தேடினா, வெளிச்சம் விழற பக்கமெல்லாம் குழலும் திரும்பும். கரடிக்கான மருந்து மனுஷன் மேல பட்டா அவ்வளவுதான்."

குகையின் இடுக்கில் வயிறு உரச ஊர்ந்தார்கள். திடீரென்று சுவர்கள் விலகின. பொற்கொடி கை டார்ச்சை உயர்த்தினாள். ஒரு கோயில் மண்டபத்தையே உள்ளே வைத்துவிடலாம், அவ்வளவு பெரிய வெளி! வெள்ளை வெளேரென்று கல் தூண்கள் ஈரத்தில் மின்னின. மேலே இன்னும் ஏதோ பளபளத்தது. கை வெளிச்சம் அதுவரை எட்டவில்லை.

தன்னையறியாமல் அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். நீண்ட ஒளி கூரையைத் தொட்டது. ஆயிரமாயிரம் படிகங்கள் ஒன்றாக விழித்துக்கொண்டன! இத்தனை காலம் பார்க்க ஆளில்லாமல் இவ்வளவு அழகா என்று அவளுக்குக் கண் கலங்கியது. கூரையோடு சரிந்து, தூணோடு இறங்கி, ஒளி தரைக்கு வந்தது.

அங்கே கறுப்பாக, புசுபுசுவென்று ஏதோ அசைந்தது. உறுமல் போல ஒரு சத்தம்.

"மேடம், கரடி!"

விரல் விசைக்குப் போய்விட்டது. அப்போதுதான் கடையில் தான் சொன்ன வார்த்தை அவளுக்கு உறைத்தது. குழலைத் தரைக்குத் தாழ்த்தினாள். பிளாஸ்டிக் டார்ச்சை நீட்டினாள்.

கறுப்புக் கம்பளி. அதற்குள்ளிருந்து ஒரு மனிதக் கை.

"அண்ணா!"

கணுக்கால் முறிந்து, காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தான் குமரவேல். விளக்கின் பேட்டரி தீர்ந்த பிறகு இருட்டிலேயே கிடந்திருக்கிறான். இடுக்கு வரை கம்பளியோடு இழுத்து, அதைத் தாண்டிய பிறகு ஜெபராஜ் அவனை முதுகில் கட்டிக்கொண்டார்.

வாசலை நெருங்கும்போது நிஜக் கரடி வழியை மறித்து எழுந்து நின்றது. பொற்கொடி துப்பாக்கியை ஏந்தி ஒரே ஒரு முறை அழுத்தினாள். முழு வெளிச்சம் முகத்தில் அறைய, கரடி தலையை உதறியது, உறுமியது, பிறகு புதருக்குள் இறங்கிப் போய்விட்டது. ஊசி செலவாகவே இல்லை.

வெளியே வெயிலில் குமரவேல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மேலே பார்த்தியா, கொடி? அதைப் பார்த்துக்கிட்டே நடந்துதான் விழுந்தேன்," என்றான்.

"பார்த்தேண்ணா. அதைப் பார்த்துக்கிட்டேதான் உன்னைச் சுட இருந்தேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையில் பிளாஸ்டிக் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.