ஆறடிக்கு நாலடி

மழை விட்ட மத்தியானம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு பிரிண்ட் கடைக்குள் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நேராக டிசைனர் பெண்ணின் மேசைக்கு வந்தார்.

“என் வீட்டுக்காரிம்மா. போன மாசம் ஆத்துல தவறி விழுந்துட்டா. படம் ஆறடிக்கு நாலடி வேணும். பெரிசா வெச்சாத்தான் சொந்தக்காரங்க வாய் மூடும்.”

பென்டிரைவில் ஒரே ஒரு படம், நகமளவுக்கு; பச்சை உடையில் ஒரு பெண். பெரிதாக்கியதும் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. கண் எது, வாய் எது என்று தெரியவில்லை.

“முந்நூறு பிக்சல்தான் இருக்கு சார். இந்த அளவுக்கு ஏழாயிரமாவது வேணும். ஒரிஜினல் இல்லையா?”

“அவ போன்ல இருந்துச்சு. மங்கலா இருந்தாலும் பரவாயில்ல, போட்டுக் குடு.”

அப்படிச் சொன்ன வாடிக்கையாளரை அவள் அதுவரை பார்த்ததில்லை. துக்கத்தில் பேசுகிறார் என்று மனம் இளகிப்போய், கடை எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள். “தேடிப் பாருங்க. கிடைச்சா இதுக்கு அனுப்புங்க.”

அரை மணியில் புது எண்ணிலிருந்து படம் வந்தது. பாவம், தேடி எடுத்துவிட்டார் என்று நினைத்தாள். அதே பெண், அதே பச்சை உடை. ஆயிரத்து இருநூறு பிக்சல்.

‘போதாது. இன்னும் பெரிசா அனுப்புங்க’ என்று தட்டினாள்.

உடனே அடுத்தது. மூவாயிரம். இதில் அந்தப் பெண் ஓரடி முன்னால் வந்து நின்றாள். கூந்தல் நனைந்திருந்தது.

எங்கிருந்தோ சேற்று வாடை வந்தது. சாக்கடை பொங்கியிருக்கும் என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

வாடை அறைக்குள்தான் இருந்தது.

‘இன்னும் கொஞ்சம்.’

ஏழாயிரத்து இருநூறு.

ஒவ்வொரு இமைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. காதோரம் பாசி. படத்தைக் கீழே நகர்த்தினாள். கழுத்தில் கன்றிப்போன விரல்தடங்கள். நடுவில் இரண்டு கட்டைவிரல்கள் பதிந்த குழி.

அடியில் ஒரு வரி வந்து விழுந்தது.

‘இது போதுமா?’

இன்னும் பெரிசா, இன்னும் பெரிசா என்று கூப்பிட்டது அவள்தானே!

அந்நேரம் கதவு திறந்தது. அவர்தான்.

“தேடிட்டேம்மா, எதுவும் கிடைக்கல. அதையே போட்டுடு.”

“அப்போ… இதெல்லாம் நீங்க அனுப்பலையா?” திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

திரையிலிருந்த எண்ணைப் பார்த்தார். “இது அவ நம்பர். போன் அவளோடயே தண்ணிக்குள்ள போயிடுச்சே…”

பிறகு படத்தைப் பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

“நான் தள்ளல” என்றார், கேட்காத கேள்விக்கு. “பிடிக்கத்தான் போனேன்.”

அடுத்த கணம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். போலீஸார் போனபோது அவர் வீடு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. ஊரெல்லாம் தேடியும் துப்புக் கிடைக்கவில்லை.

நாலாம் நாள் காலை, அதே எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது.

அவர்தான். கலங்கிய நீருக்குள், கண் திறந்தபடி. தலைமுடி மேல்நோக்கி மிதந்தது.

ஏழாயிரத்து இருநூறுக்கு நாலாயிரத்து எண்ணூறு. எதையும் இழுக்கவோ வெட்டவோ வேண்டியதில்லை.

கீழே எழுதியிருந்தது: ‘இதையும் அதே அளவுல.’