சிற்றோடையில் பிறந்தது

விடிந்ததும் வேலாங்காட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பது தலைமானியைத்தான். எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொருவரின் மூச்சையும் உடற்சூட்டையும் கண்டுபிடித்து, ஊரில் எத்தனை பேர் என்று உச்சியில் எழுதிக் காட்டும் கோபுரம் அது. ஐந்நூறுக்குக் கீழே இறங்கினால் மாவட்ட வரைபடத்திலிருந்து ஊரை நீக்கிவிடுவார்கள். நர்ஸ், குடிதண்ணீர், பஸ் எல்லாம் நின்றுவிடும். வீடு வீடாக ஆள் வந்து எண்ணிய காலத்தில் காபி கொடுத்துக் கெஞ்சியாவது பார்க்கலாம். கோபுரத்துக்கு யார் காபி கொடுப்பது?

ஊராட்சித் தலைவர் சண்முகப்பிரியா கெட்டிக்காரி. எண்ணிக்கை சரியத் தொடங்கியதும் பக்கத்து ஊரான சிற்றோடைக்குப் போய், வீட்டுமனையும் கறவை மாடும் தருவதாக ஆசை காட்டி, பாதி ஊரைக் கிளப்பிக் கொண்டுவந்துவிட்டாள். வேலாங்காடு பிழைத்தது. சிற்றோடை நீக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர் காசிலிங்கத்தைப் போல வர மறுத்த சிலர் மட்டும் அங்கேயே தங்கினார்கள். அவர்கள் என்ன ஆவார்கள் என்று வேலாங்காட்டில் ஒருவரும் கேட்கவில்லை. தங்கியவர்களுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், பிரியாவின் மகள் இனியாவுக்கு நாளுக்கு முன்பே பிரசவ வலி கண்டது. ரத்தப்போக்கு நிற்காததைப் பார்த்து நர்ஸ் பயந்துபோய், தானோடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஓட்டுநர் இல்லாமல், வரைபடத்தை நம்பி ஓடும் வண்டி அது. புதிய வரைபடம் அன்று காலைதான் அதற்குள் ஏறியிருந்தது. வண்டி சிற்றோடையின் மறுபக்க எல்லை வரை வந்து நின்றுகொண்டு, நீக்கப்பட்ட பகுதிக்குள் சாலை இல்லை என்றது. வேலாங்காட்டுக்கு இருந்த ஒரே சாலை சிற்றோடை வழியாகத்தான் போனது.

பிரியாவும் நர்ஸும் ஊர்க்காரர்களும் கட்டிலோடு இனியாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிற்றோடை நடுவில், காசிலிங்கத்தின் வீட்டு வாசலில், குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. காசிலிங்கத்தின் மனைவி கோமதி ஏந்தினாள். அழுகை மெல்லியதாக வந்தது, மூச்சு விட்டு விட்டு வந்தது. காசிலிங்கம் பழைய கதை எதையும் பேசாமல் கட்டிலுக்குத் தோள் கொடுத்தார்.

இனியா நினைவிழந்திருந்தாள். எல்லையில் நின்ற ஆம்புலன்ஸ் அவளையும் நர்ஸையும் ஏற்றிக்கொண்டது. பிரியா குழந்தையை நீட்டியதும் கதவு பாதியில் நின்றது.

"பிறந்த ஊர்?" என்றது வண்டியின் குரல்.

"சிற்றோடை" என்றாள் பிரியா.

"அப்படி ஓர் ஊர் இல்லை."

"வேலாங்காடுன்னு போட்டுக்க."

"வேலாங்காட்டுத் தலைமானியில் இந்த மூச்சு பதிவாகவில்லை. பதிவில்லாத உயிரை ஏற்ற அனுமதி இல்லை."

நர்ஸ் உள்ளேயிருந்து கத்தினாள். பிரியா கதவை ஓங்கி ஓங்கி அடித்தாள். நான் ஊராட்சித் தலைவர், இது என் பேத்தி என்றாள். எதிரில் நின்றவர்களைக் காட்டி, இத்தனை பேர் நிற்கிறார்களே, ஊர் இல்லையா என்று கேட்டாள். வண்டி, தாயின் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டது.

காசிலிங்கம் அருகில் வந்தார். "குடுங்க, பிரசிடெண்டம்மா. எங்களையும்தான் யாரும் எண்ணல. எங்களோட ஒண்ணா இருக்கட்டும்."

கோமதி குழந்தையை வாங்கி, சூடு போகாமல் நெஞ்சோடு சேர்த்து முந்தானையால் மூடினாள். பிரியா மண்ணில் மண்டியிட்டு, அந்தச் சின்ன முதுகில் கை வைத்து, அடுத்த மூச்சு வருகிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.