அவனுக்குப் பதில் போனவர்

லாட்ஜ் வாசலிலேயே நின்று வேண்டிய மட்டும் இருமித் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே போனான். உள்ளே போய் இருமினால் விரட்டிவிடுவார்களோ என்ற பயம்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தாறு. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவன். பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து அக்காவைப் பார்க்க வந்தவனை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தி, மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இரண்டு கோடு. அக்கா மகள் கீழே இறங்கி வந்து பத்தடி தள்ளி நின்றாள்.

"அம்மாகிட்ட என்ன மாமா சொல்ல?"

"வந்துட்டேன்னு சொல்லும்மா" என்றான். வேறு என்ன சொல்வது?

அக்காவுக்கு நுரையீரலில் புற்று. ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவனை ஏழு நாள் தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

லாட்ஜ் மேனேஜர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "நாலாவது மாடி உங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான் சார். படியிலயே போயிடுங்க. சாப்பாட்டை வாசல்ல வெச்சுட்டுக் கதவைத் தட்டுவோம். நாங்க இறங்கினப்புறம் திறங்க."

மற்றவர்கள் ஏறும் லிஃப்டில் தன்னை விடமாட்டார்கள்தானே என்று நினைத்துக்கொண்டு படியேறினான். காய்ச்சலில் ஒவ்வொரு படியும் ஒரு மாடியாக இருந்தது.

நடைக் கோடியில் அறை. இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் வாளி. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் மொட்டைச் சுவர். அடுத்த தெருவில் ஆஸ்பத்திரி. பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். ஆம்புலன்ஸ் வரும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தான். இரண்டாம் நாள் வாசனையும் தெரியாமல் போய்விட்டது. சோப்பை மூக்கில் வைத்துப் பார்த்தான். கல்லை முகர்ந்த மாதிரி இருந்தது.

காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை அக்கா மகள் போனை அக்காவின் காதில் வைப்பாள்.

"சாப்டியாடா?" அக்காவுக்கு இந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது. சாகக் கிடக்கிறவள் கேட்கிற கேள்வியா இது என்று அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மத்தியானம்தான்டா பயமா இருக்கு" என்றாள் ஒரு நாள். "ரெண்டு மணிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிடறாங்க. நாலு மணிக்குத்தான் விடறாங்க. அந்த நேரத்துல போயிட்டா, பக்கத்துல ஒரு ஆள் இருக்காதுடா."

அத்தான் பக்கவாதம் வந்து வீட்டோடு முடங்கியவர். அவர் வந்தாலும் அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். "நான் வந்துடறேன்க்கா" என்றான். நெஞ்சறிந்த பொய்.

மூன்றாம் நாள் மதியம், தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

அவனும் இருமினான்.

"நீங்களும் அதேதானா?" என்றது சுவர். வயதான ஆண் குரல். மெல்ல, மரியாதையாகப் பேசும் குரல்.

"ஆமாங்க. மூணாவது நாள். உங்களுக்கு?"

"எனக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு."

மூன்று நாளாக மனிதக் குரலை போனில் மட்டுமே கேட்டவனுக்கு அந்த இருமல்கூட உறவாகத் தெரிந்தது. கட்டிலைச் சுவரோடு ஒட்டி நகர்த்திப் போட்டான். பெரியவர் மனைவியைப் பார்க்க வந்தவராம். வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். "நான் இங்க படுத்திருந்தேன். அவ அங்க போயிட்டா" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

"உங்களுக்கு அங்க யாரு?"

"அக்கா."

"எந்த இடம்?"

"மூணாவது மாடி. ஜன்னல் ஓரமா பதினொண்ணாம் நம்பர் கட்டில்."

"துணைக்கு ஆள் இருக்கா?"

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் யாரும் இல்லை."

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "நான் போய் உக்காந்துட்டு வரட்டுமா?" என்றது.

அவன் சிரித்தான். "உங்களையும்தான் விடமாட்டாங்களே."

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

காய்ச்சல் கண்ணை இழுத்தது. "சரி, போயிட்டு வாங்க" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான்.

நடையில் லிஃப்ட் வந்து நிற்கும் ஓசை கேட்டது. டக்கென்று ரிலே சுவிட்ச் விழுந்தது. பிரேக் பிடித்தது. மடிப்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்து மூடியது. இருபது வருஷமாகக் கேட்ட சத்தம். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று அரைத் தூக்கத்திலும் அவன் மனது குறித்துக்கொண்டது.

சாயங்காலம் அக்கா மகள் கூப்பிட்டாள். "மாமா, யாரையோ அனுப்பிச்சீங்களா? அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. யாரோ பெரியவர் வந்து கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாராம். நர்ஸைக் கேட்டா யாருமே வரலைங்கறாங்க. மருந்து மயக்கமோ என்னமோ."

அவன் தலைமாட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"கைதான் ஐஸ் மாதிரி இருந்துச்சாம்" என்றாள்.

மறுநாள் சாப்பாடு வைக்க வந்த மேனேஜர் கதவைத் தட்டியபோது, உள்ளிருந்தே கேட்டான். "பக்கத்து ரூம்காரருக்கும் வெச்சீங்களா? நேத்துலேருந்து அவர் கதவைத் தட்டின சத்தமே கேக்கலையே."

"எந்த ரூம்காரர் சார்? இந்த மாடியில நீங்க ஒருத்தர்தான். பக்கத்து ரூம் போன கொரோனா அலையிலேருந்து பூட்டியே கிடக்கு." மேனேஜரின் குரல் தாழ்ந்தது. "ஒருத்தர் இருந்தார். நல்ல மனுஷன். கதவை உடைச்சுத்தான் எடுக்கவேண்டியதாப் போச்சு."

"லிஃப்ட் ஓடுதே."

"அதைக் கழட்டி வித்தே ஒன்றரை வருஷம் ஆச்சு சார். மாத்திரை ஒழுங்கா போடுங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் படிகளில் வேகமாக இறங்கிப் போனார்.

மணி ஒன்றே முக்கால். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நடைக்கு வந்தான். பக்கத்து அறையின் கதவில் புதுப் பலகை அடித்து, வெளியே பூட்டுத் தொங்கியது. பூட்டின்மேல் தூசி படிந்திருந்தது.

நடையின் மறுகோடியில் லிஃப்டின் மடிப்புக் கதவு சங்கிலி போட்டுக் கிடந்தது. கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்தான்.

கூண்டு இல்லை. கயிறு இல்லை. மேலே மோட்டார் இருந்த இடத்தில் சதுரமாக வானம் தெரிந்தது. நாலு மாடிக்குக் கீழே, குழியில் உடைந்த நாற்காலிகள் கிடந்தன.

அவன் அறைக்குத் திரும்பக் காலெடுத்தான்.

டக்.

ரிலே விழும் சத்தம். இல்லாத ரிலே.

கூண்டு மேலே வரும்போது அதற்கு முன்னால் காற்று வரும். வேலையில் சேர்ந்த முதல் மாதமே கற்றுக்கொள்வது அது. அந்தக் காற்று குழியிலிருந்து எழும்பி வந்து அவன் முகத்தில் அடித்தது.

அவனுக்கு வாசம் தெரிந்தது.

சோப்பு தெரியாத மூக்கில், ஈரத் துணியும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த வாசம்.

பிரேக் பிடித்தது.

சங்கிலி அசையவில்லை. ஆனால் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

அவனுக்குப் பின்னால், நடையில், மெதுவாக யாரோ நடந்து வந்தார்கள். அவனை ஒட்டி வந்து நின்றார்கள். காதருகில் இருமல்.

"நேரமாச்சு" என்றது அந்த மரியாதையான குரல். "ஏறட்டுமா?"

ஓடிவிடலாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

"வேண்டாம்னா போகமாட்டேன்" என்றது குரல். "சொன்னாத்தான் போக முடியும். ஆனா இன்னிக்குத்தான் அவங்களுக்கு. நாலு மணி வரைக்கும் தாங்காது."

கண்ணெதிரே வெறும் குழி. அந்தக் குழியைப் பார்த்தபடியே அவன் அக்காவை நினைத்தான். ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் பள்ளிக்கூட வாசலில் அழுதவனின் முன்னால் குந்தி உட்கார்ந்த பதினாறு வயது அக்கா. இப்போது ஜன்னல் ஓரம் படுத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். வருகிறவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதா இப்போது அவளுக்கு முக்கியம்?

"போங்க" என்றான். "தம்பி அனுப்பினான்னு சொல்லுங்க. கைய விடாதீங்க."

கதவு மூடும் ஓசை கேட்டது. காற்று கீழே இறங்கியது.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். எதிர்ச் சுவரில் வெயில் நகர்ந்துகொண்டே இருந்தது. மூன்று மணி பத்துக்கு போன் அடித்தபோது எடுக்காமலே தெரிந்துவிட்டது.

"போயிட்டாங்க மாமா" என்று அழுதாள் அக்கா மகள். "நான் அப்ப உள்ள இல்லை. ஆனா முகம் நல்லா இருந்துச்சு. வலது கை மட்டும் எதையோ பிடிச்ச மாதிரி மடங்கியிருக்கு. நர்ஸ் பிரிக்கப் பாத்தாங்க, முடியலை."

அடக்கத்தை அவன் போனில் பார்த்தான். மீதி மூன்று நாளும் சுவர் பேசவில்லை. ஒரு தடவை, வெட்கத்தைவிட்டு, அவனே தட்டிப் பார்த்தான். பயம் போய்த் தனிமைதான் மிஞ்சியிருந்தது.

எட்டாம் நாள் ஒற்றைக் கோடு வந்தது. நேரே அக்கா வீட்டுக்குப் போனான். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. அக்கா மகள் அன்றுதான் மறுபடி வேலைக்குப் போயிருந்தாள். கதவு சாத்தாமல் இருந்தது. கூடத்தில் அத்தான் சக்கர நாற்காலியில் இருந்தார். அவருக்கு நேரே, முழங்கால் தொடும் நெருக்கத்தில், மெத்தை வைத்த நாற்காலி ஒன்று கிடந்தது.

அத்தான் அழவில்லை. பக்கவாதத்தில் குழறிக்கொண்டிருந்த அவர் குரல் இப்போது தெளிந்திருந்தது.

"நீ அனுப்பின ஆள் நல்ல மனுஷன்ப்பா" என்றார். "அவ போன மறுநாள்லேருந்து தினம் வர்றார். ரெண்டு மணிக்கு வந்தா நாலு மணி வரைக்கும் உக்காந்திருக்கார். பொண்ணு வேலைக்குப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டே இருந்தேன்."

அவன் வாசல்படியிலேயே நின்றான்.

"நான் யாரையும் இங்க அனுப்பலையே அத்தான்."

"கைய விடாதீங்கன்னு நீ சொன்னியாமே. பிடிச்சா விடவே மாட்டேங்கறார்" என்றார் அத்தான், சிரித்தபடி. செயலற்றுப்போன அவருடைய இடது கை, நாற்காலிப் பிடியைவிட்டு ஒரு விரற்கடை உயர்ந்து, காற்றில் நின்றுகொண்டிருந்தது.

எதிர் நாற்காலியின் மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். குழி மெல்ல மெல்ல மேலே எழும்பி நிரம்பியது. அத்தானின் கை தொப்பென்று மடியில் விழுந்தது.

"பாத்தியா, உனக்காக எழுந்து இடம் விட்டுட்டார்" என்றார் அத்தான். "நின்னுட்டே இருக்கியே. வா, உக்காரு."