அடிமைக் கப்பல் பாடத்துக்குப் பத்து மார்க்

சுரங்க வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் விண்கப்பலின் ஒன்பதாம் வகுப்பில், காலையில் பிள்ளைகள் முதலில் செய்கிற வேலை கழுத்துப்பூட்டுக்கு மின்னேற்றுவதுதான். சுவரோரம் வரிசையாக நின்று, சிரித்துப் பேசிக்கொண்டே கம்பியைச் செருகிக்கொள்வார்கள். மின்னேறினால்தான் வருகைப்பதிவு; பதிவு இருந்தால்தான் சோறு. காலையில் ஏற்றாவிட்டால் மதியத்துக்குள் மின்சாரம் தீர்ந்து பூட்டு தானாகக் கழன்றுவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் இதுவரை ஒருவர்கூட மின்னேற்ற மறந்ததில்லை. இதற்குப் பெயர் ஒழுக்கமாம்!

நாளை மாலை கப்பல் சனிக்கோளின் நிலாவில் இறங்குகிறது. இறங்கியதும் பூட்டின் வாயைப் பற்றவைத்து மூடிவிடுவார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அப்படி. பிறகு ஆயுள் முழுக்கச் சுரங்கம்தான். வரலாற்று ஆசிரியை மங்கையர்க்கரசிக்கு அது எப்படியென்று தெரியும். அவர் பூட்டை எப்போதோ மூடியாகிவிட்டது.

அதனால்தான் இன்று அடிமைக் கப்பல் பாடத்தை எடுத்தார். பழைய பூமியில் மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துக் கடல் கடத்தியதையும், அடித்தளத்தில் மூச்சுமுட்டிச் செத்தவர்களையும் பற்றிச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாதவர்கள் ஒரே விடியலில் சேர்ந்து எழுந்து மாலுமிகளை மடக்கினார்கள் என்றார். கதவை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“அவங்க சங்கிலியை அறுக்க வேண்டியிருந்துச்சு. உங்களுக்கு அதுகூட வேண்டாம். நாளைக்குக் காலையில யாருமே சார்ஜ் போடாதீங்க. ஒருத்தர் பூட்டு கழண்டா அடிப்பாங்க. எல்லாருக்கும் கழண்டா, நாலே நாலு காவலருங்க என்ன பண்ண முடியும்? உயிர்ப்படகு கீழ்த்தளத்துலதான் இருக்கு. புரியுதா?”

கடைசி வரிசையிலிருந்த நிறைமதி கை தூக்கினாள். மங்கையர்க்கரசி ஆவலோடு அவளைப் பார்த்தார்.

“மிஸ், இது பரீட்சைக்கு வருமா?”

வராது என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.

“வரும். பத்து மார்க்.”

எல்லாத் தலைகளும் குனிந்தன. ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்கள். பாவம், அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் ஓடிவந்தபோது வகுப்பு அதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சுவரோரம் நின்று, கழுத்தில் கம்பியைச் செருகியபடி, கண்ணை மூடிக் கோரஸாக ஒப்பித்தார்கள்.

“அடிமைக் கப்பல் பாடத்தால் நாம் அறிவன: ஒன்று, காலையில் ஒருவரும் மின்னேற்றக் கூடாது. இரண்டு, எல்லார் பூட்டும் கழன்றால் காவலரால் ஒன்றும் செய்ய இயலாது. மூன்று, உயிர்ப்படகு கீழ்த்தளத்தில் உள்ளது...”

வாசலில் மேற்பார்வையாளர் பெலிக்ஸ் நின்றிருந்தார். நிறுத்தச் சொல்லி மங்கையர்க்கரசி பிள்ளைகளுக்குக் கையசைத்தார். பெலிக்ஸோ முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரு பிள்ளைகூடத் தடுமாறலையே டீச்சர்! எல்லாரும் நூத்துக்கு நூறுதான்” என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார்.