பன்னிரண்டாவது பல்

கல்லில் நேற்று வரை பதினொரு பற்கள்தான். இன்று பன்னிரண்டு.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவள் கையிலிருந்த தூக்குவாளியை இறக்காமலே மறுபடி எண்ணினாள். சுண்ணாம்புப் பாறைக்குள் நத்தை ஓடு போலச் சுருண்டு கிடந்தன அந்தக் கரும்பற்கள். குவாரி பெல்ட்டில் ஓடும் கல்லிலிருந்து இரும்பும் வேரும் பொறுக்குவது அவள் வேலை. பொறுக்கியது எதுவானாலும் கழிவுத் தொட்டிக்குத்தான், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. யாரும் மீறாத பழக்கம். அவள் மீறினாள். அந்தக் கல் வந்தது கிழக்குச் சரிவிலிருந்து. ஒன்றரை மாதத்துக்கு முன் அவள் புருஷனைப் பாறை மூடிய இடம். உடல் கிடைக்கவேயில்லை.

"ஒரு எலும்பாவது எடுத்துக் குடுங்க மேஸ்திரி. புதைச்சிட்டு அழுதுக்கறேன்."

"இருந்தா தரமாட்டோமாம்மா? எத்தனை தடவ கேப்ப?"

கல் கிடைத்த அன்று, பெல்ட்டில் எதிரே நிற்கும் அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். "உன் மாமியார் வாய் மாதிரியே இருக்குடி!" குவாரி ஆய்வகத்துக்காரர் சிரிக்கவில்லை. "சுறாவுக்குச் சொந்தக்கார மீனும்மா. எப்பவோ அழிஞ்சுபோச்சு. உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு, கரைஞ்சிடும். பல்லு மட்டும்தான் மிஞ்சும்."

பல் போதும் என்று அன்று நினைத்தாள்.

ஜன்னல் வழியே வெயில் விழுந்தும் அறை குளிர்ந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடையும், அதற்கடியில் புருஷன் சட்டையிலிருந்து போகாத கிரீஸ் வாடையும், எங்கோ பாறைக்குள் சொட்டும் நீரின் ஓசையும் மெல்ல மெல்ல அவளைச் சூழ்ந்தன. குனிந்து பார்த்தாள். பன்னிரண்டாவது பல் கருப்பில்லை. மஞ்சள். முனை உடைந்திருந்தது. ஒயர் தோலைக் கடித்து உரிக்கும்போது அவர் உடைத்துக்கொண்ட பல்.

"வந்துட்டீங்களா," என்றாள்.

புதைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியை விரித்தாள். பல்லைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அடியில் கல் இல்லை. ஈறு. சூடாக இருந்தது.

பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. சின்னது. வெள்ளை.

நாக்கு தானாக வாய்க்குள் தேடியது. முன்பல் இல்லை. வலியும் இல்லை. தாடையைத் தொட்டாள். பிசைந்த மாவாய் அமுங்கியது. துணியைப் பிடித்த விரல்கள் மடங்கித் தொங்கின. முழங்கால். முதுகு. உள்ளே எலும்பே இல்லை.

விரித்த துணியிலேயே சரிந்தாள்.

கண் எதிரே, அவருக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு, பற்களின் சுருள் மெல்லத் திரும்பியது.